படைக்கலம் தொடாத படைவீரர்



போர்க்களம் புகும் ஓர் இளைஞன் உருவாவதற்குத் தாயும் தந்தையும் வேந்தனும் ஆற்ற வேண்டிய பொறுப்புகளைப் பொன்முடியார் என்னும் புலவர் பெருமாட்டி புறநானூற்றுப் பாடல் ஒன்றில் வரிசைப்படுத்தியுள்ளார். அவ்வரிசையில் படைக்கலம் செய்து தரும் கொல்லனுக்கும் ஓர் இடம் உண்டு. வேல் இன்றி வீரன் இல்லை என்பது அக்காலப் புறவாழ்வின் இலக்கணம். அந்த வரிசையில் கொல்லனுக்குரிய இடம் வெறுமையாகவே இருந்தும், தம் நாட்டின் தலையாய வீர விருதைப் பெற்ற ஒருவர் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர்தாம் அமெரிக்கப் படைவீரர் டெஸ்மண்ட் தாமஸ் டாஸ்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளின் கடுமையான களங்கள் மூன்றில் அவர் பணிபுரிந்தார். ஒரு துப்பாக்கியையும் அவர் சுடவில்லை. ஓர் உயிரையும் கொல்லவில்லை. காயமுற்றுக் கிடந்தோரை மீட்டெடுத்ததற்காக அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த படைத்துறை விருதாகிய ‘மெடல் ஆஃப் ஹானர்’ அவருக்கு வழங்கப்பட்டது. மனச்சான்றின் பேரில் படைக்கலம் ஏந்த மறுத்த ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

அவர் களங்களில் நின்ற காலம் ஏறத்தாழப் பத்து மாதங்கள். அதன்பின் அவர் வாழ்ந்தது 61 ஆண்டுகள். நூல்களும் திரைப்படமும் அப்பத்து மாதங்களையே விரித்துரைக்கின்றன. இல்லறத்தானாகவும் இறைப்பற்றாளராகவும் அவர் வாழ்ந்த 61 ஆண்டுகளையும் சேர்த்து நோக்கும்போதுதான் அவர் வீரத்தின் முழு உருவம் புலனாகின்றது.

சுவரில் இருந்த படம்

டெஸ்மண்ட் டாஸ் 1919ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் டாஸ் தச்சுத் தொழிலாளர். தாய் பெர்த்தா காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். தாய் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையைச் சார்ந்தவர்; மகனையும் அந்நெறியிலேயே வளர்த்தார். வெள்ளிக்கிழமை ஞாயிறு மறைவது தொடங்கிச் சனிக்கிழமை ஞாயிறு மறையும்வரை ஓய்வுநாளாகக் கொண்டு அதனைத் தூய்மையாகக் காப்பது அச்சபையாரின் கொள்கை. புலால் உண்ணாமையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையும் அவ்வளர்ப்பின் பகுதிகளாக டாஸிடம் ஊன்றின.

அவ்வீட்டுச் சுவரில் சட்டமிட்ட படம் ஒன்று தொங்கியது. தந்தை வாங்கி வந்த அப்படத்தில் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளும் ஓவியங்களுடன் தீட்டப்பட்டிருந்தன. கொலையை விலக்கும் ஆறாம் கட்டளைக்கு, தம்பி ஆபேலைக் கொன்றுவிட்டு நிற்கும் காயீனின் ஓவியம். சிறுவன் டெஸ்மண்ட் நாற்காலியின்மேல் ஏறி நின்று அதனையே உற்று நோக்குவானாம். உடன்பிறந்தவன் இதனை எவ்வாறு செய்தான் என்னும் வினா அவன் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. முதுமையிலும் டாஸ் தம் வாழ்க்கையைக் கூறத் தொடங்கும்போது அந்தப் படத்திலிருந்தே தொடங்குவார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் அவர் நினைவுகூர்ந்ததுண்டு. மது மயக்கத்தில் இருந்த தந்தைக்கும் உறவினர் ஒருவர்க்கும் சண்டை மூண்டது. தந்தையின் கையில் துப்பாக்கி. தாய் இடைபுகுந்து அதனைப் பறித்து மகனிடம் கொடுத்து, எங்கேனும் கொண்டுபோய் மறைத்துவிடச் சொன்னார். ஓவியத்தில் கண்ட காயீன் தன் வீட்டு முற்றத்திலேயே தோன்றக்கூடும் என்பதை அன்று அச்சிறுவன் உணர்ந்திருக்க வேண்டும். கொல்லாமை அவருக்கு ஏட்டில் படித்த கோட்பாடன்று. தம் குடும்பத்துக்குள்ளேயே நேர்ந்த ஓர் அச்சத்திலிருந்து முளைத்த உறுதி.

எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. 1930களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலம் அது. குடும்பத்தைத் தாங்க மரக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்; பின்னர் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றினார். போர் வந்தபோது கப்பல்தளப் பணியாளர் என்னும் முறையில் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெற அவருக்கு வாய்ப்பு இருந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. பிறர் பிள்ளைகள் உயிரைக் கொடுக்கையில் தாம் மட்டும் கரையில் நிற்பது முறையன்று என்று கருதினார். 1942 ஏப்ரல் முதல் நாள் படையில் சேர்ந்தார்.

பாளையத்தில் ஒரு தனியர்

படையில் சேர்வார், படைக்கலம் ஏந்தார். இதுவே டாஸ் விதித்துக்கொண்ட வரையறை. ‘போர் மறுப்பவர்’ என்று அரசு ஏடு அவரைக் குறித்தது. அப்பெயர் அவருக்கு உவப்பாக இல்லை. மனச்சான்றோடு ஒத்துழைப்பவர் என்றே தம்மைச் சொல்லிக்கொண்டார். மருத்துவத் துணைவராகப் பணிபுரிவதே அவர் வேண்டியது.

ஆனால் 77ஆம் காலாட்படைப் பிரிவில் பயிற்சி தொடங்கியபோது அந்த வேண்டுகோள் எளிதில் ஏற்கப்படவில்லை. துப்பாக்கியைத் தொட மறுப்பவனைத் தோழர்கள் கோழை என்றே எண்ணினர். இரவில் படுக்கையருகே முழந்தாளிட்டு அவர் வேண்டிக்கொள்ளும்போது காலணிகளை அவர்மீது வீசினர். களத்துக்குப் போனால் முதற்குண்டு உனக்குத்தான் என்று ஒருவர் அச்சுறுத்தியதும் உண்டு. சனிக்கிழமைகளில் அவர் வேலை செய்வதில்லை என்பது தோழர்களின் சினத்தை மேலும் வளர்த்தது. நோயாளிக்கு உதவுவதாயின் ஓய்வுநாளிலும் செய்வேன், இயேசுபிரானும் ஓய்வுநாளில் நோய் தீர்த்தவரே என்பது அவர் அளித்த விடை. சனிக்கிழமைக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளில் உழைத்தார்.

மேலதிகாரிகள் அவரை வேறிடம் மாற்ற முயன்றனர். மனநிலை பொருந்தாதவர் என்று காரணம் காட்டி விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிடவும் ஏற்பாடு நடந்தது. துன்பத்திலிருந்து விடுபட அது நல்ல வழி. எனினும் இறைப்பற்றை மனநோய் என ஒப்புக்கொண்டு பெறும் விடுதலை தமக்கு வேண்டா என்று டாஸ் மறுத்துவிட்டார். ஏளனத்துக்கு அவர் ஏளனத்தால் விடை தரவில்லை. நெடும்பயிற்சி நடையில் கால் கொப்புளித்தவர்க்கு மருந்திட்டார். வெயிலில் மயங்கியவர்க்குத் தண்ணீர் கொடுத்தார். காலணி வீசியவரும் அவரிடமே மருந்துக்கு வர வேண்டியிருந்தது.

1942 ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் டோரதியை மணந்தார். இருவரும் ஒரே திருச்சபையினர். திருமணப் பரிசாக டோரதி அவருக்குக் கொடுத்தது ஒரு சிறு விவிலியம். டாஸ் அதனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடல் கடந்தார். அதன் பின்வரலாற்றைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

மயேடா முகடு

1944இல் குவாம் தீவிலும் பிலிப்பைன்சின் லேட்டே தீவிலும் டாஸ் ஆற்றிய பணிக்கு ‘பிரான்ஸ் ஸ்டார்’ பதக்கம் கிடைத்தது. லேட்டேயில் அவர் உடலுக்குள் ஒரு கொடிய நோயும் புகுந்துகொண்டது. அன்று அது தெரியவில்லை.

1945 ஏப்ரல் முதல் நாள் அமெரிக்கப் படைகள் ஒகினாவாத் தீவில் இறங்கின. அத்தீவின் தென்பகுதியில் உராசோயே என்னும் ஊர் உள்ளது. பழைய ரியூக்யூ மன்னர்களின் கோட்டையும் கல்லறைகளும் அவ்வூர் மேட்டில் உண்டு. கோட்டை இருந்த மேடு ஒரு புறம் செங்குத்தாக இறங்குவது. அதுவே மயேடா முகடு. இரும்பறுக்கும் வாளின் பற்களைப்போல் தோன்றியதால் அமெரிக்கப் படையினர் அதற்கு ‘ஹாக்சா ரிட்ஜ்’ என்று பெயரிட்டனர். முகட்டின் உச்சியில் சப்பானியப் படையினர் குகைகளையும் சுரங்கங்களையும் அமைத்துக் காத்திருந்தனர். ஏறக்குறைய 400 அடி உயர மேடு என்று விருதுரை அதனைக் குறிக்கின்றது. உச்சியை ஒட்டிய செங்குத்துப் பாறையில் கயிற்று வலைகளைக் கட்டி அமெரிக்கர் ஏறினர்.

1945 மே 5ஆம் நாள் சனிக்கிழமை. டாஸின் ஓய்வுநாள். அப்பிரிவில் நடமாடும் நிலையில் எஞ்சியிருந்த மருத்துவத் துணைவர் அவர் ஒருவரே. உடன் வருவீரா என்று அதிகாரி கேட்டார். வருகிறேன், என் வழிபாட்டை முடித்துக்கொள்ளச் சற்று நேரம் வேண்டும் என்றார் டாஸ். அவர் முடிக்கும்வரை படை காத்திருந்தது என்பர். பயிற்சிப் பாளையத்தில் எந்த வேண்டுதலின்போது காலணி வீசினார்களோ, அதே வேண்டுதல் முடியட்டும் என்று மூன்றாண்டுகளுக்குப் பின் காத்து நின்றார்கள். தங்கள் உயிர் யார் கையில் உள்ளது என்பதைக் களம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது.

முகட்டின் உச்சியில் கடும் எதிர்த்தாக்குதல் எழுந்தது. பின்வாங்குமாறு ஆணை பிறந்தது. நடக்க முடிந்தவர்கள் இறங்கினர். நடக்க முடியாதவர்கள் உச்சியிலேயே கிடந்தனர். டாஸ் இறங்கவில்லை. குண்டுகள் பாயும் வெளியில் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று, முகட்டின் விளிம்புக்கு இழுத்து வந்து, கயிற்றில் பிணித்துக் கீழே இறக்கினார். பயிற்சிக் காலத்தில் தற்செயலாக அவர் போட்டுப் பழகிய இரட்டைக் கண்ணி முடிச்சு அன்று கைகொடுத்தது. ஒரு கயிற்றில் இரு கண்ணிகள் அமையும். காயமுற்றவனின் கால்களை அவற்றில் நுழைத்து, மார்பையும் கட்டி இறக்கலாம். மரத்தண்டு ஒன்றில் கயிற்றைச் சுற்றிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டார். ஒருவரை இறக்கியதும், இன்னும் ஒருவரை மீட்கத் துணை செய்வாய் என்று இறைவனை வேண்டினார்; திரும்பிச் சென்றார். பல மணிநேரம் இவ்வாறே நிகழ்ந்தது.

எத்தனை பேரை அவர் மீட்டார் என்று கணக்கெடுத்தபோது அதிகாரிகள் நூறு பேர் என்றனர். டாஸ் ஐம்பதுக்கு மேல் இருக்காது என்றார். இரண்டுக்கும் நடுவே 75 என்று முடிவு செய்யப்பட்டது. விருதுரையிலும் அவ்வெண்ணே இடம்பெற்றது. தம் புகழைத் தாமே பாதியாகக் குறைத்துக் கூறிய வீரர்கள் உலக வரலாற்றில் மிகச் சிலரே.

சிம்பாக மாறிய துப்பாக்கி

மே 21ஆம் நாள் இரவு, ஷூரி நகரை அடுத்து நடந்த தாக்குதலில் கையெறி குண்டு வெடித்து டாஸின் கால்கள் சிதைந்தன. இன்னொரு மருத்துவத் துணைவரை அழைத்தால் அவர் உயிருக்கும் ஆபத்து நேருமே என்று, தம் புண்களுக்குத் தாமே கட்டுப்போட்டுக்கொண்டு ஐந்து மணிநேரம் காத்திருந்தார். தூக்குப் படுக்கையுடன் ஆட்கள் வந்தனர். அவரைச் சுமந்து செல்லும் வழியில் பீரங்கி வண்டித் தாக்குதல் நிகழ்ந்தது. அருகில் தம்மினும் கொடிய காயத்தோடு ஒருவர் கிடப்பதைக் கண்ட டாஸ், படுக்கையிலிருந்து தாமே ஊர்ந்து இறங்கி, அவரை முதலில் கொண்டு செல்லுமாறு பணித்தார். படுக்கை திரும்பி வரும்வரை காத்திருந்தபோது மறைந்திருந்து சுட்டவனின் குண்டு அவர் கையைத் துளைத்து எலும்பை நொறுக்கியது.

அப்போது அவர் செய்த செயல் கவிஞர்களின் சிந்தனைக்கு உரியது. கிடந்த துப்பாக்கி ஒன்றின் கட்டையை எடுத்து, முறிந்த கைக்குச் சிம்பாக வைத்துக் கட்டினார். பின் 300 கெஜத் தொலைவு கரடு முரடான நிலத்தில் ஊர்ந்து முதலுதவி நிலையத்தை அடைந்தார். படையில் சேர்ந்த நாள் முதல் எந்தப் பொருளைத் தொட மறுத்தாரோ, அப்பொருளைக் களத்தில் அவர் பயன்படுத்தியது எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்கு மட்டுமே. இது கற்பனையாளர் புனைந்த உருவகமன்று. அமெரிக்க அரசின் விருதுரையிலேயே பதிவாகியுள்ள செய்தி.

மருத்துவக் கப்பலுக்குக் கொண்டு செல்லப்பட்ட பின்னரே சட்டைப் பையில் இருந்த விவிலியம் காணாமற்போனதை டாஸ் உணர்ந்தார். டோரதி கொடுத்த அந்நூலைத் தேடிப் பார்க்குமாறு தோழர்களுக்குச் சொல்லியனுப்பினார். அவர்கள் போர் நடந்த நிலத்தில் இறங்கித் தேடினர். கண்டெடுத்து அவர்க்கு அஞ்சலில் அனுப்பிவைத்தனர். ஒருகாலத்தில் அந்நூலைப் படிப்பதற்காக அவரை எள்ளி நகையாடியவர்கள் அவர்கள். அவர்களுடைய நம்பிக்கை மாறிற்றோ இல்லையோ, அவருடைய நம்பிக்கையை மதிக்கக் கற்றனர். அவரை அப்பிரிவிலிருந்து அகற்ற முயன்ற ஜாக் குளோவர் என்னும் அதிகாரி, பிற்காலத்தில் தம் உயிரையே அவர்தாம் காத்தார் என்று நெகிழ்ந்து சான்றளித்தார்.

விருதுக்குப் பின்

1945 அக்டோபர் 12ஆம் நாள் வெள்ளை மாளிகையின் புல்வெளியில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் டாஸுக்கு ‘மெடல் ஆஃப் ஹானர்’ அணிவித்தார். பெரும்பாலான வீர வரலாறுகள் இந்த இடத்தில் நிறைவு பெறும். டாஸின் கடுமையான போர் இதன் பின்னரே தொடங்கியது.

1946இல் ஒரே மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே டாஸுக்குக் காசநோய் இருப்பது கண்டறியப்பட்டது. லேட்டே தீவில் தொற்றிய நோய் அது. ஐந்தரை ஆண்டுகள் மருத்துவமனைகளில் கழிந்தன. இடப்பக்க நுரையீரலும் ஐந்து விலா எலும்புகளும் அறுவை மருத்துவத்தில் அகற்றப்பட்டன. 1951இல் மருத்துவமனையிலிருந்து வெளிவந்தபோது உடலுறுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இழந்தவர் என்று அரசு அவரைப் பதிவு செய்தது. தச்சு வேலையைத் தொழிலாகக் கொண்டு குடும்பத்தைக் காக்கும் கனவு அத்துடன் முடிந்தது. கைக்குழந்தையுடன் இருந்த டோரதியின் தோள்மீது குடும்பம் இறங்கியது. அவர் செவிலியராகப் பணிபுரிந்து வீட்டைக் காத்தார்.

தொல்காப்பியர் காஞ்சித் திணையில் தொடாக் காஞ்சி என்று ஒரு துறையை வகுத்துள்ளார். போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி விழித்திருந்து காக்கும் துறை அது. நக்கீரரின் நெடுநல்வாடையிலும் நள்ளிரவில் வேந்தன் பாசறையில் புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆற்றும் காட்சி உண்டு. புண்ணைக் காப்பதும் வீரத்தின் ஒரு கூறே என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். எனினும் களத்தில் யானையை வீழ்த்தியவனைப் பாடிய பாடல்கள் பலவாக, புண்ணருகே விழித்திருந்தவளைப் பாடியவை மிகச் சிலவே. களத்தில் டாஸ் பல மணிநேரம் செய்ததை டோரதி ஐந்தரை ஆண்டுகள் செய்தார். அவர்க்குப் பதக்கம் அணிவிக்கப் புல்வெளி எதுவும் விரிக்கப்படவில்லை.

ஜார்ஜியா மாநிலத்து ரைசிங் ஃபான் என்னும் சிற்றூரில் சிறு நிலம் ஒன்றில் பயிர்செய்து இருவரும் வாழ்ந்தனர். திருச்சபையின் இளைஞர் முகாம்களுக்கு டாஸ் சென்று பேசினார். 1976இல் மீண்டும் ஓர் இடி. நோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் மிகுதியால் அவர் செவிப்புலன் முற்றிலும் அழிந்தது. மனைவியின் குரல், மகனின் குரல், திருச்சபையின் பாடல் எதுவும் கேளாத மௌனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1988இல் உட்செவியில் கருவி பொருத்தப்பட்ட பின்னரே ஓசை உலகம் ஓரளவு திரும்பியது.

திரும்பி வந்த அக்குரலை அவர் நெடுங்காலம் கேட்க இயலவில்லை. டோரதியைப் புற்றுநோய் பற்றியது. 1991 நவம்பர் 17ஆம் நாள் டாஸ் தாமே காரை ஓட்டி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வழியில் கார் கட்டுப்பாட்டை இழந்து விபத்துக்குள்ளானது. டோரதி உயிர் இழந்தார், டாஸ் பிழைத்தார்.

கொட்டும் குண்டுமழையில் எழுபத்தைந்து பேரை முகட்டிலிருந்து இறக்கிக் காத்த கைகளால், நாற்பத்தொன்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவியைக் காக்க முடியவில்லை. ஒரு மனிதனின் இறைநம்பிக்கையை இதனினும் கடுமையாகச் சோதிக்கும் நிகழ்ச்சி இருக்க முடியாது. முகட்டின்மேல் கேட்ட வேண்டுதல் எழுபத்தைந்து முறை நிறைவேறியது. சாலையில் ஒருமுறை நிறைவேறவில்லை. நிறைவேறும்போது நம்புவது எளிது. டாஸ் தம் திருச்சபையை விட்டு விலகவில்லை, வழிபாட்டைக் கைவிடவில்லை, இளைஞர்களிடம் பேசுவதையும் நிறுத்தவில்லை. 1993இல் பிரான்சஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அவர் துணையுடன் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 2006 மார்ச் 23ஆம் நாள் அலபாமா மாநிலத்துப் பீட்மாண்ட் ஊரில், 87ஆம் வயதில் மறைந்தார். டென்னசி மாநிலத்துச் சட்டநூகா தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

கொல்லாமையும் படைச்செருக்கும்

இவ்வாழ்க்கையை நோக்கி ஒரு வினா எழுப்பப்படுவதுண்டு. கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்டவர் கொலையையே தொழிலாகக் கொண்ட படையில் எவ்வாறு இடம்பெறலாம்? அவர் காத்த வீரர்கள் நலம்பெற்று மீண்டும் துப்பாக்கி ஏந்தியிருப்பார்கள் அல்லவா? இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. போர் முழுவதையும் மறுத்துச் சிறை சென்ற அறவோரும் அதே காலத்தில் இருந்தனர். அவர்தம் நெறி வேறு. டாஸின் நெறி வேறு.

டாஸ் போரை எதிர்த்தவர் அல்லர். தம் நாட்டின் போர் நியாயமானது என்றே நம்பினார். துப்பாக்கி ஏந்திய தோழர்களை அவர் பழித்ததும் இல்லை. தம் கைக்கு மட்டுமே அவர் வரம்பு கட்டினார். அவ்வரம்புக்கு உரிய விலையைத் தாமே கொடுத்தார். பிறரைத் திருத்துவதற்காக அன்றித் தம்மைக் காப்பதற்காகக் கொண்ட அறம் அது. அதனால்தான் மாற்றுக் கருத்தினரும் இறுதியில் அவரை மதித்தனர் போலும்.

திருக்குறளில் கொல்லாமை 33ஆம் அதிகாரம். படைச்செருக்கு 78ஆம் அதிகாரம். முன்னது அறத்துப்பாலில் துறவறவியலில் அமைந்தது. பின்னது பொருட்பாலில் படையைப் பற்றியது. ஒரே நூலில் இரண்டும் இருப்பினும், துறவிக்கு ஒன்று, வீரனுக்கு மற்றொன்று என்று உரைகாண்பது வழக்கம். இரண்டும் ஒருவரிடமே கூடி வாழ முடியுமா என்பது கேள்வியாகவே இருந்துவருகின்றது. வள்ளுவத்தை அறியாத அமெரிக்கத் தச்சர் மகன் ஒருவர், துறவு பூணாமல், மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டே அவ்விரண்டையும் ஒருங்கே வாழ்ந்து காட்டினார். பின்னர், வியட்நாம் போரில் 1969இல் உயிர் நீத்த தாமஸ் பென்னட், ஜோசப் லாபாயிண்ட் என்னும் மருத்துவத் துணைவர் இருவர்க்கும், இதே நெறியில் நின்றமைக்காக, மறைவுக்குப் பின் அதே விருது வழங்கப்பட்டது. டாஸ் விதிவிலக்காக வந்தார், வழியாக மாறினார்.

கவிஞர்க்கு ஒரு சொல்

திரைத்துறையினர் டாஸின் வாழ்க்கையைப் படமாக்கப் பல்லாண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தனர். மிகைபடப் புனைந்து விடுவார்களோ என்னும் அச்சத்தால் அவர் நெடுநாள் இசையவில்லை. அவர் வாழ்நாளிலேயே 2004இல் ஆவணப்படம் ஒன்று வெளிவந்தது. அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2016இல், மெல் கிப்சன் இயக்கிய ‘ஹாக்சா ரிட்ஜ்’ திரைப்படம் உலகெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. படம் வல்லமை மிக்கதுதான். ஆயினும் அதன் கதை களத்தோடு முடிந்துவிடுகின்றது. காசநோய்ப் படுக்கையும், டோரதியின் உழைப்பும், பன்னிரண்டாண்டு மௌனமும், 1991ஆம் ஆண்டின் அந்தச் சாலையும் அதில் இல்லை. கலை பெரும்பாலும் இரைச்சல் உள்ள இடத்தையே நாடுகின்றது. இது திரைப்படத்துக்கு மட்டும் உரிய குறையன்று. வீரம் பாடிய பழைய கவிதைக்கும் புதிய கவிதைக்கும் பொதுவான குறை.

ஒகினாவாப் போரில் மடிந்தோரின் பெயர்களை அத்தீவினர் கல்லில் பொறித்துள்ளனர். 1995இல் திறக்கப்பெற்ற அந்நினைவிடத்தின் பெயர் அமைதியின் அடிக்கல். 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கு உள்ளன. ஒகினாவாவின் பொதுமக்கள், சப்பானியப் படையினர், அமெரிக்கப் படையினர் எனப் பகைவர் நண்பர் வேறுபாடின்றி எல்லாப் பெயர்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. நம் மண்ணின் நடுகற்கள் வீழ்ந்த வீரனின் பெயரையும் பீடையும் சொல்லின. இக்கற்கள் கொன்றவன் பெயரையும் கொல்லப்பட்டவன் பெயரையும் ஒரே வரிசையில் சொல்கின்றன. அவ்வரிசையில் டாஸின் பெயர் இல்லை. அவர் பிழைத்துத் திரும்பியவர். அவர் முகட்டிலிருந்து இறக்கிய எழுபத்தைந்து பேரின் பெயர்கள் அன்று அக்கல்லில் சேராமற்போனதற்குக் காரணமானவர்.

இவ்வட்டத்தின் பத்தாண்டு நிறைவு நாளில் கவிஞர்கள் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் ஒன்று உண்டு. வீரத்தைப் பாடுங்கள், களம் அடங்கிய பிறகும் பாடுங்கள். பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுக்குப் போராடியவனைப் பாடுங்கள். அவனருகே உறங்காதிருந்தவளைப் பாடுங்கள். நிறைவேறாத வேண்டுதலுக்குப் பின்னும் மறுநாள் முழந்தாளிட்டவனைப் பாடுங்கள். தொடாக் காஞ்சி என்று இலக்கணம் வகுத்துவைத்த மொழிக்கு அத்தகைய பாடல்கள் புதியன அல்ல. மறந்த துறையை மீண்டும் எடுத்துப் பாடுவது தமிழ்க் கவிஞர்களின் கடன்.